வட கரோலினா ஆசிரியர் பணிச்சூழல் சர்வே: வேலையில் சேரும் முன் படிக்க வேண்டிய அறிக்கை

அமெரிக்காவின் வட கரோலினாவில் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தைப் பெருமளவு மாநில அட்டவணையே தீர்மானிக்கிறது. மாவட்டம் அதன்மேல் கொஞ்சம் சேர்த்துத் தரும், அவ்வளவுதான். ஒரே மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பள்ளிகளில் ஒன்றில் ஆசிரியர்கள் வருடக்கணக்கில் நிலைத்திருக்க, இன்னொன்று ஒவ்வொரு கோடையிலும் ஆள் தேடுகிறது என்றால் காரணம் பணமாக இருக்க முடியாது. பெரும்பாலும் பிரின்சிபால் அறையில்தான் அது இருக்கும். அந்த அறையைப் பற்றி வெளியாள் ஒருவர் இலவசமாகத் தெரிந்துகொள்ள உதவுவது இந்த மாநிலத்தின் ஆசிரியர் பணிச்சூழல் சர்வே.

மைக் ஈஸ்லி ஆளுநராக இருந்தபோது 2002-இல் தொடங்கியது இது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, வழக்கமாக மார்ச் மாதம், மாநிலம் முழுக்க நடக்கிறது. பள்ளி ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசிய எண் தரப்படும். அந்த எண் எந்தப் பள்ளி என்பதைக் காட்டுமே தவிர ஆளைக் காட்டாது. குறைந்தது 40% பேர், அதோடு குறைந்தது ஐந்து பேர் பதில் தந்த பள்ளியின் முடிவுகள் மட்டும் பள்ளி வாரியாகப் பொதுவில் வெளியாகும். மாவட்ட, மாநில அளவுகளோடு ஒப்பிட்டும் பார்க்கலாம்.

இதை நம்பலாமா என்று கேட்டால், நம்பலாம். 2006 சர்வே பதில்களை மாநிலத்தின் ஆசிரியர் பதிவேடுகளோடு இணைத்து டியூக் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஹெலன் லாட் செய்த ஆய்வு 2011-இல் வெளியானது. பள்ளியை விட்டுப் போக நினைப்பதற்கும் பணிச்சூழலுக்கும் உள்ள தொடர்பு அதில் தெளிவாகத் தெரிந்தது. மாணவர்கள் எந்த இனத்தவர் என்பது போன்ற விவரங்களைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை. பணிச்சூழலின் கூறுகளில் மற்ற எதையும்விட முன்னே நின்றது பள்ளித் தலைமை. நியூயார்க் நகரில் முதலாண்டு ஆசிரியர்களை வைத்து அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்விலும் நிர்வாகத்தைப் பற்றிய அபிப்பிராயமே பெரிதாக நின்றது.

ஆனால் அறிக்கையைத் திறந்ததும் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். ‘பள்ளித் தலைமை’ என்ற பகுதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பிரின்சிபாலின் செயல்பாட்டைக் காட்டும் கேள்விகள் மூன்று பகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. தலைமைப் பகுதியில் முதலில் தேட வேண்டியது, மனதில் உள்ள குறையை ஆசிரியர்கள் தயங்காமல் சொல்ல முடிகிறதா என்ற கேள்வி. ஒழுங்குப் பகுதியில், விதிகளை நிர்வாகம் எல்லா மாணவரிடமும் ஒரே மாதிரி அமல்படுத்துகிறதா, வகுப்பில் ஒழுங்கைக் காக்க முயலும் ஆசிரியருக்குத் துணை நிற்கிறதா என்ற இரண்டு கேள்விகள். நேரப் பகுதியில், கற்பித்தலுக்கு இடையூறான வேலைகள் ஆசிரியர் தலையில் விழாமல் பார்த்துக்கொள்கிறார்களா என்ற கேள்வி. மாணவனை அலுவலகத்துக்கு அனுப்பினால் பத்து நிமிடத்தில் ஒன்றும் நடக்காமல் திரும்பி வருவதும், பாடம் தயாரிக்க வைத்திருந்த நேரம் மீட்டிங்கில் கரைவதும்தான் நல்ல ஆசிரியரை வெளியே தள்ளுகின்றன. ‘எங்கள் பிரின்சிபால் நல்லவர்’ என்று எல்லோரும் எழுதும் பள்ளியிலும் இந்தக் கேள்விகள் உண்மையைச் சொல்லிவிடும்.

எண்களைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். ‘ஒப்புக்கொள்கிறேன்’, ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ என்ற இரண்டையும் கூட்டித்தான் பெரும்பாலும் ஒரே சதவீதமாகக் காட்டுவார்கள். 90% என்று இருக்கும் இரண்டு பள்ளிகளில் ஒன்றில் பாதிப் பேர் முழுமையாக ஒப்புக்கொண்டிருப்பார்கள். மற்றதில் மிகச் சிலரே இருப்பார்கள். அந்த இரண்டாவது பள்ளியில் மரியாதைக்காக எழுதிய பதில்கள் இருக்கக்கூடும். ஆகவே தனித்தனி விவரம் கிடைத்தால் அதையே பாருங்கள். அடுத்தது பள்ளியின் அளவு. 30 பேர் உள்ள பள்ளியில் 12 பேர் மட்டும் பதில் தந்தால் 40% எல்லையைத் தொட்டுவிடும். அப்போது ஒரே ஒருவர் மனம் மாறினால் 8 சதவீதப் புள்ளி ஏறி இறங்கும். சின்னப் பள்ளியில் ஒரு சுற்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. மூன்று சுற்றுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. அறிக்கை பள்ளியின் பெயரில் வருகிறது, பிரின்சிபாலின் பெயரில் அல்ல. சர்வேக்குப் பிறகு பிரின்சிபால் மாறியிருந்தால், நீங்கள் படிப்பது போய்விட்டவரின் மதிப்பெண். இப்போதைய பிரின்சிபால் எந்த ஆண்டு பொறுப்பேற்றார் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். இதைவிடப் பெரிய ஓட்டை, போனவர்கள் இதில் பேசுவதில்லை என்பது. மார்ச்சுக்கு முன்பே கோபத்தோடு விலகியவர்களின் குரல் கணக்கில் வராது. மிஞ்சியிருப்பவர்களின் திருப்திதான் சதவீதமாகிறது. அதனால் ஆட்கள் வேகமாக மாறும் பள்ளிக்கும் சில நேரம் நல்ல மதிப்பெண் வந்துவிடும். லாட் ஆய்விலும், உண்மையில் யார் விலகினார்கள் என்பதைவிட யார் விலக நினைத்தார்கள் என்பதைத்தான் இந்தப் பதில்கள் நன்றாகக் கணித்தன. பிரின்சிபாலை மதிப்பிடும்போது இந்த முடிவுகளையும் பார்க்கிறார்கள் என்பதால், நல்லபடியாக எழுதச் சொல்லும் மறைமுக அழுத்தத்துக்கும் இடம் இருக்கிறது.

எனவே அறிக்கையோடு நேர்முகத் தேர்வில் சில கேள்விகளும் தேவை. போன ஆண்டு இந்தப் பாடப்பிரிவில் எத்தனை பேர் விலகினார்கள்? பள்ளி மேம்பாட்டுக் குழுவுக்கு ஆசிரியர் பிரதிநிதிகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? ரகசிய வாக்கெடுப்பு என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. பிரின்சிபாலே ஆட்களை நியமிக்கிறார் என்ற பதில் வந்தால் அங்கே குறை சொல்வது எவ்வளவு எளிது என்று ஊகித்துக்கொள்ளலாம். புதிதாகப் பணிக்கு வருபவர் முதல் மூன்று ஆண்டுக்கான வழிகாட்டி யார், அவர் அதே பாடம் எடுப்பவரா என்றும் கேட்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் கற்பிக்கப் போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். அந்தத் திட்டம் மூன்று ஆண்டு, நீட்டித்தால் ஐந்து ஆண்டு வரை. இடையில் பள்ளி மாற ஸ்பான்சரின், அதாவது அந்தத் திட்டத்தில் அழைத்துச் செல்லும் அமைப்பின், சம்மதம் வேண்டும். உள்ளூர் ஆசிரியர் போல ஜூனில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் பக்கத்துப் பள்ளிக்கு நடந்துபோக முடியாது. விமான டிக்கெட் எடுக்கும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அந்தப் பள்ளியின் கடைசி மூன்று அறிக்கைகளில் மேலே சொன்ன கேள்விகளைப் படித்துவிடுங்கள்.

மதிப்பீடு: 5-க்கு 4. விலகிப் போனவர்களிடமும் கேட்டு, பிரின்சிபால் பொறுப்பேற்ற ஆண்டையும் அறிக்கையில் அச்சிட்டால் மீதி ஒன்றையும் தந்துவிடலாம்.