பச்சை வாளியும் களக்காட்டு அடுப்பும்

சிங்கப்பூரில் எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. திறந்து பையைப் போட்டால் அதோடு சரி. மீன்முள்ளும் பழைய பேட்டரியும் ஒரே பையில் போய்விடும். பல வருடப் பழக்கம். பாளையங்கோட்டைக்கு வந்த மறுநாள் காலையில் வாழைப்பழத் தோலையும் பிஸ்கட் கவரையும் சேர்த்துப் போட்டேன். "ஏல, அது பச்சை வாளி. அதுல கவரைப் போடாத" என்றாள் அம்மா. 74 வயது. நீல வாளியில் கழுவிக் காயவைத்த பால் கவர்கள் அடுக்காக இருந்தன.

வண்டி ஏழு மணிக்கு வந்தது. தூய்மைப் பணியாளர் அக்கா வாளியை வாங்கியதும், "கண்ணாடி கிண்ணாடி கெடக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார். இல்லை என்றபிறகுதான் கொட்டினார். நான் கவரோடு போட்டிருந்தால் அதை அவர்தான் கையால் பொறுக்கியிருக்க வேண்டும். அதை நினைத்தபோது மனது கஷ்டமாகிவிட்டது.

மக்கும் குப்பையில் உரம் தயாரிக்கும் கூடத்தையும் போய்ப் பார்த்தேன். குப்பையை வெட்டித் துண்டாக்கி, தொட்டியில் சாணக் கரைசல் தெளித்து, காற்றுப் போக வழிவிட்டுக் கிளறி, நாற்பது நாளுக்கு மேல் வைத்துச் சலிக்கிறார்கள். கையில் அள்ளிப் பார்த்தேன், மழைக்குப் பிந்தைய மண் வாசனைதான்.

எரித்து மின்சாரம் எடுத்தால் என்ன என்று ஊரில் பலர் என்னிடம் கேட்டார்கள். சிங்கப்பூரில் அப்படித்தான் செய்கிறார்கள். சாம்பலைக் கடலுக்குள் செமக்காவ் தீவில் 1999 முதல் கொட்டி வருகிறார்கள். அந்த இடமும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அங்குள்ள கணக்கு. நம் குப்பை வேறு மாதிரி, பாதிக்கு மேல் ஈரம். டெல்லி திமார்பூரில் 1987-ல் எரிக்கும் ஆலை ஒன்றைக் கட்டினார்கள். வந்த குப்பை எரியும் தரத்தில் இல்லாததால் சில வாரங்களிலேயே அது நின்றுபோனது. ஈரக் குப்பையைக் காற்றுப் புகாத கலனில் போட்டு வாயு எடுப்பதுதான் நமக்குச் சரி என்று நினைக்கிறேன். ஒரு டன் சமையலறைக் கழிவில் 80 முதல் 100 கன மீட்டர் வாயு கிடைக்கும். ஏறக்குறைய மூன்று வீட்டு சிலிண்டருக்குச் சமம். மின்சாரமாக மாற்றினால் 200 யூனிட்டைத் தாண்டுவது கடினம். கூடங்குளமும் காற்றாலைகளும் இருக்கிற மாவட்டத்தில் அது சொற்பம். அதனால் அந்த வாயு அடுப்புக்குப் போவதே நல்லது. மூடிய கலனில் கிடைத்து அடுப்பெரிக்கும் அதே மீத்தேன் வாயுதான் திறந்த குப்பைமேட்டில் கசிந்து தீக்குத் துணைபோகிறது. நெல்லையின் குப்பைக்கிடங்கு இருக்கும் ராமையன்பட்டியில் தீ என்ற செய்தியைத் தூரத்தில் இருந்து படிக்கும்போதெல்லாம் அம்மாவின் மூச்சிரைப்புத்தான் ஞாபகம் வரும்.

அப்புறம் சித்தப்பா மகள் கல்யாணம். மண்டபத்தின் பெயர் வேண்டாம். இலை, மிஞ்சிய சாதம், தண்ணீர் பாட்டில், காகிதக் கப் எல்லாம் பின்பக்கம் ஒரே குவியலாகக் கிடந்தன. அவ்வளவு நல்ல சோறு! பிரித்துவைக்க இரண்டு டிரம் இருந்திருந்தால் போதும். கேட்டதற்கு, ஆள் இல்லை என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு களக்காட்டில் மாமா வீட்டில். அங்கே தோட்டத்து மூலையில் பழைய கோபர் கேஸ் (சாண எரிவாயு) குழி இருக்கிறது. பந்தியில் நானே நின்று இலையை ஒரு டிரம்மிலும், இலையில் மிஞ்சியதை இன்னொன்றிலும் போடச் சொன்னேன். இலைகளை வெட்டி எருக்குழிக்கு அனுப்பினோம். சாதத்தையும் சொதியையும் அப்படியே குழியில் கவிழ்க்கப் போன என்னை மாமா தடுத்தார். "ஒரே நாள்ல போட்டா குழி புளிச்சுப் போவும் மாப்ளே. எலுமிச்சம்பழத் தோலை எடுத்துரு. தெனம் ஒரு வாளி, சாணியோட கரைச்சு ஊத்து." புளித்தால் வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். மாமாவுக்கு அது அனுபவத்தில் தெரியும்.

பிறகு நாலு நாள் தினமும் ஒரு வாளி நானே கரைத்து ஊற்றினேன். அத்தை காலைக் காப்பியையும் இட்லியையும் அந்த நீல நெருப்பில்தான் செய்தார். வெளிக்குழாயில் வழிந்த கரைசலை மாமா வாய்க்காலில் கலந்து வாழைக்கு விட்டார்.