பழைய சலங்கை மணிகளும் ஒரு தோட்டா டிரம்மும்: மூன்றரை வருட அனுபவம்

என் மனைவி பினாங்கு ஆயர் ஈத்தாமில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறார். ஜதி சொல்வது, அடவு திருத்துவது எல்லாம் அவர். சலங்கை மட்டும் என் பொறுப்பு. இந்த ஊர் ஈரத்தில் சலங்கையில் முதலில் கெட்டுப்போவது தோல் பட்டைதான். ஒரு வருடம் அலமாரியில் வைத்து மறந்தால் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிடும், தையல் இற்றுவிடும். மணிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வியர்வை உப்புப் பட்டுக் களிம்பு ஏறியிருக்கும், அவ்வளவுதான். அதனால் படிக்க வெளியூர் போகும் பிள்ளைகள் விட்டுப்போன சலங்கைகளை நாங்கள் தூக்கிப்போடுவதில்லை. மணிகளைப் பிரித்து, துலக்கி, புதுப் பட்டையில் கோத்து, சலங்கை பூஜைக்குக் காத்திருக்கும் வசதி குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். ஒரு காலுக்கு ஐம்பது என்று வைத்தாலும் ஜோடிக்கு நூறு மணி. புளியும் பழைய பல் துலக்கியுமாக உட்கார்ந்தால் ஒரு ஜோடிக்கு இரண்டு இரவு போய்விடும்.

அப்படித்தான் இந்த டிரம் வீட்டுக்கு வந்தது. படுக்கைவாட்டில் சுழலும் ஏழு லிட்டர் டிரம், உள்ளே ரப்பர் பூச்சு, மூன்று மணி நேரம் வரை டைமர், கூடவே ஒரு பை நிறைய எவர்சில்வர் ஊசிகள். அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் போட்டிக்காரர்கள், சுட்டு முடித்த பிஸ்டல் தோட்டாக்களின் பித்தளை உறைகளைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றிப் பயன்படுத்துகிறார்கள். அந்த உறைகளைத் துலக்கவென்றே செய்த சாதனம் இது. நம் மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது, உரிமம் இல்லாதவர் தோட்டாவைத் தொடவே முடியாது. ஆனால் டிரம் வெறும் டிரம்தான். வாங்குபவர்கள் 240 வோல்ட் மாடலா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்கென்று வரும் 110 வோல்ட் சாதனத்தை இங்கே நேராகச் செருகினால் மோட்டார் கருகிவிடும்.

முதல் தடவை, தோட்டா உறை கழுவுபவர்கள் சொல்லும் முறைப்படியே செய்தேன். தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம், சிட்ரிக் அமிலம் அரைத் தேக்கரண்டி, இரண்டு கிலோ ஊசி, இரண்டு மணி நேரம். திறந்து பார்த்தபோது கண்ணை நம்ப முடியவில்லை. தாழ்வாரத்து விளக்கில் மணிகள் கடையிலிருந்து அன்றைக்குத்தான் வந்தவை போல இருந்தன. அன்றிரவே கோக்க ஆரம்பித்துவிட்டேன்.

மறுவாரம் வகுப்பு நடுவில் மனைவி என்னைக் கூப்பிட்டார். "என்னங்க, இந்தச் சலங்கை இருமுது." ஒரு பிள்ளையைத் தட்டடவு போடச் சொன்னார். கேட்டேன். உண்மைதான், "சலீர்" என்று விழவேண்டிய இடத்தில் கரகரவென்று ஏதோ உரசியது. ஒரு மணியை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வாய்ப் பிளவுக்குள், பரலுக்குப் பக்கத்தில், ஓர் ஊசி குறுக்கே கிடந்தது. ஊசி ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, மணியின் வாய் இரண்டு மில்லிமீட்டர். சுழலும்போது சுலபமாக உள்ளே போய்விட்டது, வெளியே வர வழி தெரியவில்லை. தோட்டா உறை ஒரு பக்கம் முழுக்கத் திறந்த குழாய், அதைக் கவிழ்த்து உலுக்கினால் ஊசி கொட்டிவிடும். மணி அப்படியில்லை. காந்தம் வைத்து இழுக்கலாம் என்றால், உள்ளே இருக்கும் பரலும் இரும்பு, அதுதான் முதலில் ஓடி வந்து வாயை அடைக்கிறது. சாமணமும் தையல் ஊசியும் வைத்துக்கொண்டு மூன்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். அந்த ஊசிப் பையை அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

இப்போது டிரம்மில் போடுவது ஐந்து மில்லிமீட்டர் எவர்சில்வர் உருண்டைகள், ஒன்றரைக் கிலோ. எந்த மணியின் வாயிலும் நுழையாது. ஊசி அளவுக்கு மூலை முடுக்கெல்லாம் துலக்காது, நூல் கோக்கும் காதுக்கு அடியில் லேசாகக் கறுப்பு நிற்கும். நிற்கட்டும். நமக்கு வேண்டியது நாதம்.

இந்த மூன்றரை வருடத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: கழுவுவதைவிடப் பிரிப்பதுதான் வேலை. தோட்டா உறை கழுவுபவர்களும் இதையே சொல்கிறார்கள். கலந்து கொட்டினால் 9 மி.மீ. உறை, அங்குலக் கணக்கில் .40 என்று சொல்லும் உறைக்குள் புகுந்துகொள்ளும், அது .45-க்குள் புகுந்துகொள்ளும், உள்ளே மாட்டியது அழுக்காகவே வெளிவரும். அதனால் முதலில் அளவு பார்த்துப் பிரி, காந்தம் வைத்து இரும்பு உறையை ஒதுக்கு, வெடிப்பு பார், அப்புறம்தான் தண்ணீர். இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டேன். காந்தச் சோதனை மட்டும் மணிக்குக் கொஞ்சம் வேறு. நல்ல பித்தளை மணி என்றால் உள்ளே பரல் மட்டும் "டிக்" என்று காந்தப் பக்கம் ஒட்டும், மணியை விரலால் சுலபமாக நகர்த்தலாம். இரும்பில் முலாம் பூசிய மணி மொத்தமாகத் தாவிப் பிடித்துக்கொள்ளும். அதை அமிலத் தண்ணீரில் போட்டால் முலாம் உரிந்து, கூட இருக்கும் மணிகளையும் துருத் தண்ணீரில் குளிப்பாட்டும்.

அடுத்தது காது. பின்பக்க வளையத்தை நூல் பல வருடம் அறுத்து அறுத்துச் சில மணிகளில் கம்பி மாதிரி மெலிந்திருக்கும். மேடையில் ஒரு மணி தெறித்தால் வெறுங்காலுடன் ஆடும் பிள்ளை அதை மிதிக்கும். அதனால் இதில் நான் இரக்கம் பார்ப்பதில்லை. மெலிந்த மணி எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் கோப்பதில்லை.

கடைசியில் நாதம். ஒவ்வொரு மணியையும் நூலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டுகிறேன். வெடித்தது "டொக்" என்று செத்துப்போகும். வெண்கலம் இழுத்துப் பேசும், பித்தளை சட்டென்று நிற்கும். சலங்கை மணி வெண்கலத்தில் இருக்க வேண்டும், நீல நூலில் கட்ட வேண்டும் என்று அபிநய தர்ப்பணம் சொல்கிறது. எங்களுக்கு வருவதில் பெரும்பாலும் பித்தளைதான். ஆனாலும் பத்தில் ஒன்று அப்படி இழுத்துப் பேசும்போது மனம் குளிர்ந்துவிடும். அவற்றைத் தனி டப்பாவில் சேர்த்து வைக்கிறேன். ஒரு ஜோடிக்குச் சேர்ந்தால் ஒரே பிள்ளைக்கு.

அமிலத்தில் நிதானம் வேண்டும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். தோட்டா உறையில் அது எழுபதுக்கு முப்பது. அமிலம் அதிகமானாலோ நேரம் கூடினாலோ மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு தெரியும், மணி ரோஸ் நிறமாகிவிடும். புளியில் ஊறப்போட்டு மறந்த குத்துவிளக்கில் பார்த்திருப்பீர்கள். நான்கு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி, நாற்பது நிமிடம், இதற்கு மேல் நான் போவதில்லை.

அமோனியா கலந்த பாலிஷ் பக்கம் போகவே வேண்டாம். பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டா உறைகள் தானாக வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாதான் காரணம் என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். குளிர்நிலையில் வளைத்த பித்தளைக்குள் இழுவிசை தங்கியிருக்கும், அமோனியா அந்த இடத்தைப் பிளந்துவிடும். தகட்டை அழுத்தி மடித்துச் செய்த மலிவு மணிகளும் அதே ஜாதிதான். மடிப்பில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அந்த மணியை எடுத்துவிடுங்கள்.

காயவைப்பதில் ஒரு தவறு செய்தேன். இரவு முழுக்க ஈரத்தோடு விட்டதில் பரல்கள் துருப்பிடித்து, காலையில் உலுக்கினால் பழுப்புத் தண்ணீர் சொட்டியது. இப்போது சோடா உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு, நல்ல தண்ணீரில் இரண்டு அலசல், கடைசியில் கொதிக்கும் தண்ணீர். சூட்டில் ஈரம் தானே பறந்துவிடும். வாய் கீழே பார்க்க உலுக்கி, முறத்தில் பரப்பி மின்விசிறிக்கு முன்னால் வைக்கிறேன். பினாங்கில் மத்தியானத்துக்கு மேல் வெயிலை நம்ப முடியாது, காலையிலேயே முடித்துவிடுவேன்.

டிரம்மைப் பற்றிக் குறை என்றால், பதினான்காம் மாதத்தில் மூடியின் ரப்பர் வளையம் கசிய ஆரம்பித்தது. விற்ற கடையில் உதிரி இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாய் சாமான் விற்கும் ஹார்டுவேர் கடையில் மூன்று ரிங்கிட்டுக்கு அதே அளவில் ஒன்று கிடைத்தது, இன்றுவரை அதுதான் தாங்குகிறது. டைமரும் போனது, இப்போது கைப்பேசியில் அலாரம். சத்தம் அதிகம். பழைய கம்பளியை நாலாக மடித்து அடியில் போட்டாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், இரவில் ஓட்டாதீர்கள். சமையல் பாத்திரத்தையும் இதில் போடாதீர்கள், பழைய பித்தளையில் ஈயம் கலந்திருக்கலாம்.

வீட்டில் ஒரே ஒரு ஜோடி சலங்கை இருப்பவருக்கு இது வேண்டாம். புளியே போதும். நாட்டியப் பள்ளிக்கும், தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவர்களுக்குச் சலங்கை தயார் செய்து கொடுக்கும் குழுவுக்கும் தாராளமாக வாங்கலாம். பிரிக்கும் முன் மனைவி சலங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் என் கையில் தருவார். நானும் டிரம்மைத் தரையில் வைப்பதில்லை, அதற்கென்று ஒரு மேசை போட்டிருக்கிறேன்.

வெண்கல மணிகள் சேரும் அந்த டப்பாவில் இப்போது எண்பத்தேழு மணி இருக்கிறது. நீல நூல் வாங்கி வைத்தாயிற்று.