வெள்ளை மார்பிளா, கிருஷ்ணகிரி கிரானைட்டா?

பின்ட்ரெஸ்டில் நான் சேர்த்து வைத்திருந்த சமையலறைப் படங்களில் பாதிக்கு மேல் வெள்ளை மார்பிள் மேடைதான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு படத்திலாவது புளி கரைத்த கிண்ணம் இருந்ததா?

மார்பிள் சுண்ணாம்பு வகைக் கல். புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ பட்ட இடம் அரித்து மங்கிவிடும். எவ்வளவு துடைத்தாலும் பளபளப்பு திரும்பாது. மஞ்சள் கறை வேறு. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 3தான். கிரானைட்டுக்கு 6 முதல் 7. களி கிண்டிய பானையை இறக்கி அப்படியே மேடையில் வைக்கிற வீடு எங்களுடையது.

கிரானைட் என்றால் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல்லே இருக்கிறது: ஊதாவும் சாம்பலும் அலையலையாக ஓடும் பாரடைசோ. நேரில் போய்ப் பலகையைப் பார்த்தே எடுக்கலாம். தண்ணீர் ஊற்றிக் காயவிடுங்கள். விரிசல் இருந்தால் அந்தக் கோடு மட்டும் கடைசிவரை ஈரமாகத் தெரியும். குறை ஒன்று உண்டு, ஒரே ஜன்னல் உள்ள சமையலறையை இன்னும் இருட்டாக்கிவிடும்.

சரி, படத்தில் எனக்குப் பிடித்தது மார்பிளா, வெளிச்சமா? உற்றுப் பார்த்தால் வெளிச்சம்தான். அப்புறம் மேடைக்குப் பாரடைசோ, சுவருக்கு வெள்ளை டைல்ஸ் என்று முடிவானது. மார்பிள் ஆசை பூஜை அலமாரியின் அடித்தட்டோடு நின்றது. அங்கேயும் விளக்குக்குக் கீழே ஒரு பித்தளைத் தட்டு.