டெயில்விண்டும் காணாமல்போன சிவப்பும்: மூன்றாண்டு அனுபவம்

இணையப் பக்கங்களின் தோற்றத்தை அமைக்க உதவும் டெயில்விண்டு என்ற கருவிக்குத் தங்கள் குழு மாறலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். 2022-இல் மூன்றாம் பதிப்பில் தொடங்கி, 2025 ஜனவரியில் வெளியான நான்காம் பதிப்புக்கும் மாறிவிட்ட நாங்கள் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் ஐவர் குழுவுக்கு அது தந்த பெரிய நிம்மதி, அழிக்கும் துணிவு. முன்பு பக்கங்களின் நிறம், அளவு போன்றவற்றை விதிகளாக எழுதிவைக்கும், 3,000 வரிகளைத் தாண்டிய சிஎஸ்எஸ் கோப்பில் ஒரு விதியை நீக்கினால் எந்தப் பக்கம் குலையும் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாததால், எதையும் நீக்காமல் அடியில் சேர்த்துக்கொண்டே போனோம். இப்போது தோற்றம் முழுவதும் பக்கத்தின் உள்ளடக்கம் இருக்கும் எச்டிஎம்எல்லிலேயே எழுதப்படுவதால், ஒரு பக்கத்தை நீக்கினால் அதன் தோற்றமும் கூடவே போய்விடுகிறது. அப்படித் தோற்றத்தைக் குறிக்க எழுதும் கிளாஸ் பெயர்கள் ஒரே வரியில் முப்பது வரை நீள்வதைப் பலரும் குறை சொல்கிறார்கள். அது ஒரு மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். நான்காம் பதிப்பில் பார்டரின் இயல்பு நிறம் சாம்பலிலிருந்து எழுத்தின் நிறத்துக்கு மாறியதால் எங்கள் கோடுகளெல்லாம் கறுத்துப்போனதையும் ஒரு மாலையில் சரிசெய்துவிட்டோம்.

என் ஆத்திரம் வேறு. ஆர்டரின் நிலைக்கேற்ப நிறம் மாறும் பட்டன் ஒன்றில், பின்னணி நிறத்துக்கான கிளாஸ் பெயரின் 'பிஜி-' என்பதற்கும் '-600' என்பதற்கும் இடையே நிறத்தின் பெயரை ஜாவாஸ்கிரிப்ட் செருகும்படி எழுதியிருந்தோம். டெயில்விண்டோ நிரலை இயக்கிப் பார்ப்பதில்லை. கோப்புகளை வெறும் எழுத்தாகப் படித்து, முழுதாகக் கண்ணில் படும் பெயர்களுக்கு மட்டுமே சிஎஸ்எஸ் உருவாக்கும். ஆயினும் 'ரத்து செய்' என்று காட்டும்போது அந்தப் பட்டன் எட்டு மாதம் சிவப்பாகவே இருந்தது. தொடர்பே இல்லாத ஒரு பழைய அறிக்கைப் பக்கத்தில் 'பிஜி-ரெட்-600' முழுதாக எழுதப்பட்டிருந்ததே காரணம். அந்தப் பக்கத்தை ஒருநாள், மேலே சொன்ன அதே துணிவோடு, நானே நீக்கினேன். தளத்தை வெளியிடத் தயாராக்கும் பில்டில் பிழையில்லை, எச்சரிக்கையில்லை. கிளாஸ் பெயர் பட்டனில் அப்படியே இருந்ததால் டெஸ்டுகளும் தேறின. 'ரத்து செய்' என்பது மட்டும் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக நின்றது. வாடிக்கையாளர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பெயரை இப்படி ஒட்டுப்போடக் கூடாது என்று ஆவணம் தெளிவாகவே சொல்கிறது, குற்றம் எங்களுடையதுதான். ஒவ்வொரு நிலைக்கும் முழுக் கிளாஸ் பெயரை எழுதி ஒரு சிறு பட்டியல் வைத்தால் தீர்ந்தது, பத்து நிமிட வேலை. இவ்வளவும் தெரிந்திருந்தும், பின்னர் சேர்ந்த இருவர் இதே பிழையை அடுத்தடுத்துச் செய்தபோது, ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் அதை விழுங்கிக்கொள்ளும் கருவியின்மீது கோபம் வராமலில்லை.

நண்பருக்கு நேற்று 'வேண்டாம்' என்று எழுதி அனுப்பினேன். எங்கள் அடுத்த திட்டத்துக்கு டெயில்விண்டை நிறுவிக்கொண்டிருந்த இடைவெளியில்தான் அதை எழுதினேன்.