டிக்கியில் ஒரு ஃபாரட்: கார் ஆடியோ கெபாசிட்டரைப் பல வருடம் வைத்திருந்த அனுபவம்

என் காரில் 500 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) மோனோ ஆம்ப் (ஒரே சேனல் ஆம்ப்ளிஃபயர்), 12 அங்குல சப்வூஃபர் (பேஸுக்கான ஸ்பீக்கர்), அவற்றுக்குத் துணையாக ஒரு ஃபாரட் கெபாசிட்டர். கெபாசிட்டர் என்பது மின்சாரத்தைச் சேமித்து, ஆம்ப் திடீரென்று இழுக்கும்போது சட்டென்று கொடுக்கும் பாகம்; ஃபாரட் அதன் கொள்ளளவைச் சொல்லும் அலகு. பல வருடங்களாக ஓடுகிறது. கெபாசிட்டரை மாட்டித் தர ஆள் கிடைக்கும். மாட்டிய பிறகு அதை எப்படி வைத்துக்கொள்வது என்று கடையில் யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 14.4 வோல்ட்டில் ஒரு ஃபாரட் கெபாசிட்டருக்குள் சுமார் 104 ஜூல் இருக்கும். வோல்டேஜ் 12-க்கு இறங்குவதற்குள் அது கொடுப்பது 32 ஜூல்தான். முழு சத்தத்தில் என் ஆம்ப் 600 வாட்டுக்கு மேல் இழுக்கும். அந்த 32 ஜூல் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குத் தாங்கும். டிரம்மின் ஒற்றை அடிக்கு அது போதும், நீண்டு முழங்கும் பேஸுக்குப் போதாது. அந்த வேலை, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருடையது. பேஸ் அடிக்கும்போது வோல்டேஜ் இறங்கி ஹெட்லைட் மங்கும்; கெபாசிட்டர் வந்ததும் அது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரையும், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு வரும் வயரையும் தடிமனாக மாற்றிய பிறகுதான் விளக்கு சீராக எரிந்தது. ஏதாவது ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் வயரை மாற்றுங்கள்.

சரி, சார்ஜ் செய்வது. காலியான கெபாசிட்டரை நேராக பேட்டரியோடு இணைத்தால், அந்தக் கணத்தில் அது ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான். பெரிய தீப்பொறி வரும், மெயின் ஃபியூஸ் போகும். அதனால் இடையில் ஒரு ரெசிஸ்டரோ 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்போ வேண்டும். எனக்குப் பல்புதான் பிடிக்கும்: முதலில் பளிச்சென்று எரிந்து, நிரம்ப நிரம்ப மங்கி அணையும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், அல்லது பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இதை ஒருமுறை செய்தால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றி வைத்தால் கெபாசிட்டர் மெல்லக் காலியாகும்; அடுத்த இணைப்பில் அதே தீப்பொறி. ஒரு பேட்டரி கடையில் எனக்கு இப்படி நடந்தது. டிக்கியில் கெபாசிட்டர் இருக்கிறது என்று சொல்லியும் பையன் டெர்மினலை நேரே வைத்தான். ஃபியூஸ் போனது, புது பேட்டரியின் முனையில் கறுத்த வடு.

அதற்கு அப்புறம் என் முறை இதுதான். பேட்டரியைத் தொடும் முன் ஆடியோ எல்லாவற்றையும் அணைத்து, பேட்டரி பக்கத்திலுள்ள ஆம்ப் மெயின் ஃபியூஸை எடுத்துவிடுவேன். வேலை முடிந்து பேட்டரி மாட்டியதும், காலி ஃபியூஸ் ஹோல்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே பல்பை வைப்பேன். பல்பு அணைந்ததும் ஃபியூஸ். கெபாசிட்டரோடு ஆம்புக்குள் இருக்கும் கெபாசிட்டர்களும் சேர்ந்து நிரம்பிவிடும். டிக்கியில் ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டாம்.

வருடத்துக்கு ஒருமுறை அதன் உடல்நிலையையும் பார்க்கிறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய 33 ஓம், 10 வாட் செராமிக் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. ஆம்ப் வயரைப் பிரித்து, கெபாசிட்டரைப் பல்பு வழியாக முழுதாகக் காலிசெய்து, பிறகு இந்த ரெசிஸ்டர் வழியாக சார்ஜ் செய்வேன். பேட்டரி 12.6 வோல்ட் என்றால், உண்மையான ஒரு ஃபாரட் சுமார் 33 நொடியில் 8 வோல்ட்டைத் தொட வேண்டும். பாதி நேரத்திலேயே தொட்டால் உள்ளே அரை ஃபாரட்தான். அட்டையில் 5 ஃபாரட், 10 ஃபாரட் என்று போட்டு மலிவாக விற்பதையும் இதே முறையில் சோதிக்கலாம். ரெசிஸ்டர் சூடாகும், கையில் பிடிக்காதீர்கள்.

எலக்ட்ரோலிட்டிக் வகை (உள்ளே மின்பகுபொருள் உள்ள) கெபாசிட்டருக்கு வெயில்தான் எதிரி. 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி என்பது பொதுக் கணக்கு. மே மாதத்தில் மூடிய டிக்கியை நினைத்துப் பாருங்கள்; பின்கண்ணாடி வழியாக வெயில் விழாத பக்கமாக அதை மாற்றினேன். ஆம்புக்கு அரை மீட்டருக்குள் இருக்கிறது, அதற்கு மேல் தள்ளினால் பயன் குறையும். குலுக்கலில் டெர்மினல் திருகுகள் தளரும், அவ்வப்போது முடுக்குகிறேன். எர்த் போல்ட் அடியில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் மழைக்காலத்துக்குப் பிறகு துரு பிடிக்கிறது; உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும்.

கெபாசிட்டரின் மேலே எரியும் வோல்ட் எண்களும் கொஞ்சம் கரன்ட் தின்னும். ஸ்டீரியோ ஓடும்போது ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் வயரோடு அதைச் சேர்த்தால் பாட்டு ஓடும்போது மட்டும் எரியும். ஊருக்குப் போய் கார் வாரக்கணக்கில் நிற்கும் என்றால் ஃபியூஸையே எடுத்துவிடுகிறேன். மேல்பக்கம் உப்பினாலோ, பசை மாதிரி கசிந்தாலோ, பாட்டு இல்லாமல் நிற்கும்போதே தொட்டால் சூடாக இருந்தாலோ, சோதனை எதுவும் வேண்டாம். பல்பு போட்டுக் காலிசெய்து கழற்றிவிடுங்கள்.