சேதுக்காசா, ஒல்லாந்தர் துட்டா?

முள்ளியவளையில் அம்மம்மாவின் கொட்டைப்பெட்டியிலிருந்து எனக்கு வந்த செப்புக்காசுகளில் இரண்டு வகை இருந்தன. யாழ்ப்பாண அரசர்களின் சேதுக்காசு ஒன்று, ஒல்லாந்தர் துட்டு மற்றது. ஒரே வகைக் காசில் அச்சுக்கு அச்சு (காசில் உருவம் பதிய அடிக்கும் வெட்டுக்கட்டை) என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கப் பழக எது நல்லது?

துட்டு லேசு. ஒரு பக்கம் வி.ஓ.சி (ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி) கூட்டெழுத்து, அதன் கீழ் ஆண்டு. மறுபக்கம் அதை அடித்த ஒல்லாந்து நாட்டு மாகாணத்தின் கேடயம். அலையிலிருந்து எழும் சிங்கம் என்றால் சேலாந்து. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். மீதி ஆண்டு இலக்கங்களில் இருக்கிறது: இடைவெளி, சாய்வு, பழைய இலக்கத்தின் மேல் புதிதாக வெட்டிய தடயம். என்னிடம் உள்ள 1788ஆம் ஆண்டுத் துட்டுக்கு, 1803இல் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தபோது பதினைந்து வயது.

சேதுக்காசில் ஆண்டு கிடையாது. ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழ் 'சேது'. கையால் அடித்தது என்பதால் நந்தியின் வால் ஒன்றில் இருக்கும், அடுத்ததில் விளிம்புக்கு வெளியே போயிருக்கும். அதை அச்சு வேறுபாடு என்று நினைத்துத் தொடக்கத்தில் நிறையவே ஏமாந்தேன். அடி எப்படி விழுந்தாலும் அச்சில் வெட்டிய இடைவெளி மாறாது. அதனால் 'சே'யின் கொம்புக்கும் 'ச'வுக்கும் நடுவில் எவ்வளவு வெளி, 'து'வின் வால் எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். பின்னேர வெயில் சாய்வாக விழும் திண்ணையில் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தால் போதும்.

இன்னொன்று, வெடிப்பு. அச்சு வெடித்தால் அந்தப் பிளவுக்குள் செம்பு புகுந்து காசில் மேடான கோடாக நிற்கும். பின்னாளில் பட்ட கீறலோ பள்ளமாக இருக்கும்.

இரண்டுக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டியது: புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குப் போல மினுங்கும். நாங்கள் தேடும் நுணுக்கம் எல்லாம் போய்விடும். காசு தேடிக் குளக்கட்டைக் கிண்டவும் வேண்டாம். 1815 மார்ச் 2க்கு முற்பட்டவை இலங்கைச் சட்டப்படி தொல்பொருள். அதைவிட, எங்கள் மண்ணில் இன்னும் மிதிவெடி இருக்கிறது.

சரி, என் முடிவு? கண் பழகத் துட்டில் தொடங்குங்கள். மனதைக் கொடுப்பதென்றால் சேதுக்காசுக்கே கொடுப்பேன். துட்டுக்கு ஆண்டு வாரியான பட்டியல்களை ஒல்லாந்தரே போட்டுவிட்டார்கள். சேதுக்காசை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்கும் வேலை எங்களுடையது.

என்னிடம் நந்திப்பக்கம் ஒரே அச்சில் விழுந்த இரண்டு சேதுக்காசுகள் உண்டு. ஒன்றில் திமிலுக்கு மேல் மயிரிழை போல வெடிப்புக்கோடு. மற்றதில் அந்த இடம் சுத்தம். அப்படியென்றால் கோடில்லாததுதான் முதலில் அடித்தது. ஆண்டே எழுதாத காசில் எது அண்ணன், எது தம்பி என்று தெரிந்த அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.