பெங்களூரு எஃப்சி: கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாமா?

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை நேரு ஸ்டேடியம் 250 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூரு காந்தீரவா ஸ்டேடியம் ஏறத்தாழ 90. தர்மபுரியில் கிளம்பினால் இன்னொரு 45 கூடும். மாநில எல்லையை விட்டுவிட்டு தூரத்தை மட்டும் பார்த்தால், இரண்டு மாவட்டத்துக்கும் பக்கத்து ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) கிளப் பெங்களூரு எஃப்சிதான். சாயங்காலம் போய் மேட்ச் பார்த்துவிட்டு ராத்திரியே ஊர் திரும்பலாம். ஆனால் பஸ் காசும் டிக்கெட் காசும் போட்டுப் பின்தொடர இந்த கிளப் தகுமா என்று ஒரு மேட்ச்சை வைத்துச் சொல்ல முடியாது. சீசன் சீசனாகப் பார்க்க வேண்டும்.

2013-ல் ஜேஎஸ்டபிள்யூ குழுமம் தொடங்கிய கிளப் இது. கீழ்மட்ட டிவிஷன்களில் ஆடி மேலே வரவில்லை. அப்போது நாட்டின் முதல்நிலை லீக்காக இருந்த ஐ-லீக்கில் நேராக இடம் வாங்கி நுழைந்தது. அப்படி வரும் அணி முதல் வருஷம் தடுமாறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆஷ்லி வெஸ்ட்வுட் கோச், சுனில் சேத்ரி கேப்டன், 24 ஆட்டம், 47 புள்ளி: முதல் சீசனிலேயே சாம்பியன். அந்த வருஷம் சொந்த மைதானம் அசோக் நகரில் இருக்கும் கால்பந்து ஸ்டேடியம். காந்தீரவாவுக்கு மாறியது அதற்கு அடுத்த சீசனில்.

அதற்குப் பின் நடந்தது இந்தியக் கால்பந்தில் அரிது. 2014-15-ல் ஃபெடரேஷன் கப், 2015-16-ல் மறுபடி ஐ-லீக், 2016-17-ல் மறுபடி ஃபெடரேஷன் கப், 2017-18-ல் சூப்பர் கப், 2018-19-ல் ஐஎஸ்எல். முதல் ஆறு சீசனில் வெறுங்கையோடு முடிந்த சீசன் ஒன்றுகூட இல்லை.

கோப்பை வந்த வருஷங்களிலும் கைநழுவியவை உண்டு. 2015 மே 31, ஐ-லீக்கின் கடைசி நாள். மோகன் பகானுக்கு டிரா போதும், பெங்களூருவுக்கு ஜெயித்தே ஆக வேண்டும். ஜான் ஜான்சன் கோலில் முன்னிலை. 87-வது நிமிடத்தில் பெல்லோ ரசாக் சமன் செய்தார், 1-1, பட்டம் கொல்கத்தா போனது. ஆசிய கிளப்களுக்கான 2016 ஏஎஃப்சி கப்பில் நடப்பு சாம்பியனான மலேசியாவின் ஜோகோர் அணியை அரையிறுதியில் 4-2 என்று மொத்தக் கணக்கில் வீழ்த்தி, இறுதிப் போட்டிக்குப் போன முதல் இந்திய கிளப் ஆனது. தோஹாவில் ஈராக்கின் அல்-குவா அல்-ஜாவியாவிடம் 0-1 தோல்வி. முதல்நிலை கோல் கீப்பர் அம்ரிந்தர் சிங் மஞ்சள் அட்டைகள் சேர்ந்து வந்த தடையால் அன்று ஆடவில்லை. நீண்ட போட்டியில் மஞ்சள் அட்டைகளை எண்ணி ஆள் மாற்றாவிட்டால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

2017-18-ல் ஐஎஸ்எல்லுக்கு மாறியதும் லீக் கட்டத்தில் 18 ஆட்டத்தில் 40 புள்ளி. இரண்டாம் இடத்தைவிட எட்டு அதிகம். சீசன் முழுவதும் சேர்த்து ஸ்டிரைக்கர் மிக்கு 15 கோல், சேத்ரி 14. அந்த இரண்டாம் இடத்து அணி சென்னையின் எஃப்சி. இறுதிப் போட்டியும் அதே அணியோடு, 2018 மார்ச் 17, காந்தீரவாவிலேயே. ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி கோல். அதன் பிறகு சென்னை அணியின் மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டி கோலாக்கினார், இரண்டும் கார்னரிலிருந்து. ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. 3-2, கோப்பை சென்னைக்கு. நம் பக்கத்தில் நீல ஜெர்சி போட்டவர்களில் பாதிப்பேர் சென்னை, பாதிப்பேர் பெங்களூரு; அந்த இரவைப் பற்றி இரு தரப்பும் இன்னும் பேசும்.

இங்கே புதிதாகப் பார்ப்பவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று. லீக்கில் முதலிடம் பிடிக்கும் அணிக்குத் தரும் ஷீல்ட் 2019-20-ல்தான் வந்தது. பெங்களூரு முதலிடம் பிடித்த இரண்டு சீசனும் (2017-18, 2018-19) அதற்கு முந்தியவை. அதனால் கோப்பைப் பட்டியலில் ஷீல்ட் இல்லை. அதை வைத்து இந்த அணி லீக்கில் சுமார் என்று எடை போடுவது தவறு.

2018-19 சாம்பியன் பட்டம் கோச் கார்லஸ் குவாத்ரத்தின் வேலை. முதல் வருஷம் எதிரணி கார்னரில் அடித்து வீழ்த்தியது. அடுத்த வருஷம் பெங்களூரு அதையே தன் ஆயுதமாக்கிக்கொண்டது. டிமாஸ் டெல்காடோ பந்தை எடுத்துப் போடுவார். ஹுவானன், எரிக் பார்ட்டலு, ராகுல் பேகே மூவரும் பெட்டிக்குள் உயரே எழுவார்கள். மும்பையில் கோவாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் எக்ஸ்ட்ரா டைம், 117-வது நிமிடம், டிமாஸின் கார்னர், பேகேயின் தலை, 1-0. லீக்கில் முதலிடம் பிடித்த அணியே பட்டமும் வென்றது ஐஎஸ்எல்லில் அதுதான் முதல் தடவை.

பிறகு ஏன் சரிந்தது? மூன்று காரணம் சொல்லலாம். ஒன்று, மிக்கு 2019-ல் போனார். அவர் இடத்தை நிரப்பும் ஸ்டிரைக்கர் உடனே கிடைக்கவில்லை. செட் பீஸை (கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி நிறுத்திவைத்து அடிக்கும் பந்து) மட்டும் நம்பும் அணி, எதிரணி ஃப்ரீ கிக் கொடுக்காமல் ஆடப் பழகிவிட்டால் திணறும். இரண்டு, நடுவரிசையைத் தாங்கிய வெளிநாட்டு வீரர்களுக்கு வயதானது. 2020-21-ல் கோவிட் காரணமாக எல்லா ஆட்டமும் கோவாவில், ரசிகர் இல்லாமல். குவாத்ரத் 2021 ஜனவரியில் போனார், அணி ஏழாவது இடம். மூன்று, 2021-22 முதல் களத்தில் வெளிநாட்டவர் எண்ணிக்கை ஐந்திலிருந்து நான்காகக் குறைந்தது. முதுகெலும்பே வெளிநாட்டவராக இருந்த அணிக்கு அந்த ஒரு இடம் பெரிய இழப்பு. அந்த சீசனில் ஆறாவது.

2022-23-ல் சைமன் கிரேசன் கோச்சாக வந்தார். தொடக்கத்திலேயே டூரண்ட் கப்: மும்பை சிட்டியை 2-1. முதல் கோல் சிவசக்தி நாராயணன், சிவகங்கை மாவட்டத்துப் பையன். தமிழ்நாட்டு ரசிகருக்கு இந்த அணி மேல் உரிமை கொண்டாட அது ஒன்றே போதும். ஐஎஸ்எல்லில் பாதி சீசன் மோசம், பிறகு தொடர்ந்து எட்டு வெற்றி, நான்காம் இடம். பிளே-ஆஃபில் கேரளாவுக்கு எதிராக எக்ஸ்ட்ரா டைமில் சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீ கிக் கோலானது, அதை எதிர்த்து கேரளா களத்தை விட்டு வெளியேறியது. அரையிறுதியில் மும்பையை பெனால்டியில் 9-8. இறுதிப் போட்டியில் ஏடிகே மோகன் பகானிடம் பெனால்டியில் தோல்வி. அடுத்த மாதமே சூப்பர் கப் இறுதியில் ஒடிசாவிடம் 1-2.

2023-24 தான் கிளப்பின் அடிமட்டம். டிசம்பரில் காந்தீரவாவிலேயே மும்பையிடம் 0-4, கிரேசன் வெளியே, ஜெரார்ட் சரகோசா உள்ளே, கடைசியில் பத்தாவது இடம். ஒரே வருஷத்தில் திருப்பம்: 2024-25-ல் 38 புள்ளி, மூன்றாம் இடம், சேத்ரிக்கு 14 கோல், அதே மும்பையை அதே மைதானத்தில் 5-0. அரையிறுதியில் கோவாவைத் தாண்டியது சேத்ரியின் கடைசி நிமிடத் தலைமுட்டு. இறுதியில் மறுபடி மோகன் பகான், மறுபடி எக்ஸ்ட்ரா டைம், 1-2.

ஆக 2024-25 வரை நான்கு ஐஎஸ்எல் இறுதிப் போட்டி, ஒரு பட்டம். மொத்தம் ஏழு பெரிய கோப்பை, அதில் ஆறு முதல் ஆறு வருஷத்தில். நாக்அவுட்டில் இந்த அணியை நம்பலாம். முன்னிலையைக் காப்பாற்றும் விஷயத்தில் நம்ப முடியாது. நாற்பது வயதிலும் கோலுக்கு சேத்ரியையே பார்ப்பது பெருமைதான், ஆனால் அணி கட்டும் முறையில் அது பெரிய குறை. சிவசக்தி போன்றவர்களுக்கு இன்னும் அதிக நிமிடங்கள் கொடுத்திருக்க வேண்டும். இத்தனையும் தெரிந்தே சொல்கிறோம்: போய்ப் பாருங்கள், தகும்.

எந்த மேட்ச் என்பதைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். 2024-25 வரை லீக்கில் மூன்றாவது அல்லது நான்காவது இடம் பிடித்தால் ஒற்றை ஆட்ட நாக்அவுட் சொந்த மைதானத்தில் நடந்தது. 2023, 2025 இரண்டிலும் பெங்களூரு அதை ஜெயித்திருக்கிறது. அந்த மாதிரி ஆட்டம் இருந்து டிக்கெட் கிடைத்தால் விடாதீர்கள். அது இல்லையென்றால் சென்னை அல்லது கேரளா வரும் நாள். 2025-26 சீசன் ஒப்பந்தச் சிக்கலால் வழக்கமான நேரத்தில் தொடங்கவில்லை. அதனால் அட்டவணையை உறுதி செய்துகொண்டு மட்டும் கிளம்புங்கள்.

காந்தீரவா தடகள மைதானம். ஆடுகளத்தைச் சுற்றி ஓடுபாதை இருப்பதால் கீழ் வரிசையில் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கத்து ஆட்டம் தட்டையாகத் தெரியும், ஆஃப்சைடு கோடு பிடிபடாது. விலை குறைவென்று கோல் போஸ்டுக்குப் பின்னால் எடுத்தால் எதிர்க் கோல் எங்கோ இருக்கும். பக்கவாட்டில், மேல் வரிசை, நடுக்கோட்டுக்கு நேரே எடுங்கள். பாட்டும் கோஷமும் வேண்டுமென்றால் வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் ரசிகர்கள் நிற்கும் மேற்குப் பக்கம். ஆனால் அங்கே 90 நிமிடமும் நிற்க வேண்டியிருக்கும்.

ஏழரை மணி மேட்ச்சுக்கு கிருஷ்ணகிரியில் மூன்று மணிக்குள், தர்மபுரியில் இரண்டு மணிக்குள் பஸ் ஏறிவிட வேண்டும். சில்க் போர்டு நெரிசலில் மாட்டாமல் இருக்க, மேம்பாலம் ஏறும் முன்பே பொம்மசந்திராவில் இறங்கி, 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோவைப் பிடியுங்கள். ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கும் மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கும் மாறி கப்பன் பார்க்கில் இறங்கினால் மீதி நடைதூரம். திரும்பும்போது கணக்கு வேறு. சாதாரண மேட்ச் ஒன்பதரைக்குள் முடியும், மெட்ரோ கிடைக்கும். எக்ஸ்ட்ரா டைம், பெனால்டி என்று போனால் பத்தே காலைத் தாண்டும். மூன்று ரயில் மாறுவதற்குள் கடைசி வண்டி போய்விடலாம். அப்போது மெட்ரோவை நம்பாமல் ஆட்டோவில் சாந்திநகர் வந்து, ஓசூர் ரோடு வழியாக கிருஷ்ணகிரி, சேலம் போகும் ராத்திரி பஸ்ஸைப் பிடியுங்கள்.